பி.எம்.எஸ். படிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்து, சென்னை ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் 6 வருடமாக வேலை பார்க்கிறேன். பி.எம்.எஸ்ஸை, அதாவது கட்டடத்தின் ஏ.சி., லிஃப்ட், கதவு போன்றவற்றைக் கணினி மூலம் கண்காணித்து இயக்கும் பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தை, முறையாகப் படிக்க வேண்டும்.

போன மாதம் ஃபயர் டிரில். டிடெக்டருக்குப் புகை காட்டியதும் ஏ.எச்.யு. (ஏ.சி. காற்றைத் தளங்களுக்கு அனுப்பும் இயந்திரம்) நின்றது, லிஃப்ட் தரைத்தளத்துக்கு இறங்கியது. நாலாவது மாடிப் படிக்கட்டுக் கதவின் காந்தப் பூட்டு மட்டும் விடவில்லை. மின்சாரம் நின்றாலே திறக்க வேண்டிய பூட்டு அது. பிரித்துப் பார்த்தால், தீ எச்சரிக்கை வந்ததும் பூட்டின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி ஃபயர் பேனல் ரிலேயிலிருந்து வரும் ஒயர் டெர்மினலில் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நிஜத் தீயாக இருந்திருந்தால்? அன்றிரவு தூக்கமே வரவில்லை.

சென்சார், அது அளவை அனுப்பும் 4-20 மில்லிஆம்பியர் சிக்னல் எல்லாம் கைப்பழக்கம். கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழிகளில் மாட்பஸ் ஓரளவு தெரியும். பேக்நெட்தான் தலையைச் சுற்றுகிறது. எந்தக் கட்டளை முந்தும் என்று சொல்லும் அதன் 16 படி முன்னுரிமையில் 1 உயிர்ப் பாதுகாப்புக்கு, 8 ஆபரேட்டருக்கு என்பது வரை படித்துவிட்டேன். செய்து பார்க்கத்தான் வழியில்லை.

பழைய டி.டி.சி. கன்ட்ரோலர் (சென்சாரைப் படித்துக் கருவிகளை இயக்கும் சிறு கணினி) ஒன்றை வாங்கிப் பழகலாமா, கணினியில் சிமுலேட்டரே போதுமா? நேஷனல் பில்டிங் கோடு 2016-இன் தீப் பாதுகாப்பு பற்றிய 4-ஆம் பகுதியைத் தமிழில் யாராவது விளக்கியிருக்கிறார்களா? சில்லர் (ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), மின்சாரச் சிக்கனம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். ஃபயரும் கதவும் சேரும் இடம்தான் முதலில் வேண்டும். ஞாயிறு வகுப்பு இருந்தால் சொல்லுங்கள் அண்ணா, அக்கா, எவ்வளவு தூரமானாலும் வருகிறேன்.