மறுமொழி: ‘பன்மை அறியாமை’க்கு வேறு சொல் உண்டா?

வணக்கம். ‘பன்மை அறியாமை’ என்பது ஆங்கிலத்தின் pluralistic ignorance: பலருக்கும் ஒரே எண்ணம் இருந்தும், பிறருக்கு அது இல்லை என்று ஒவ்வொருவரும் தவறாக நினைத்துக்கொள்வது. நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதற்கு வேறு சொல் உண்டா என்பதுதான் கேள்வி.

> பன்மை அறியாமை என்றே இருக்கட்டும், பழகிவிடும்.

பழகும் ஐயா, தப்பாகப் பழகும். கேட்பவருக்கு ஒருமை பன்மை தெரியாத பள்ளிப் பையன்தான் நினைவுக்கு வருவான். ‘கூட்டு அறியாமை’ என்றால், எடுத்துக்காட்டாக, காலநிலை மாற்றம் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். விஷயம் நேர் எதிர். அவரவருக்குக் கவலை இருக்கிறது. பக்கத்து ஆளுக்கும் அதே கவலை என்பதுதான் தெரிவதில்லை.

2022இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைக் கேட்டார்கள். கார்பன் வரி போன்ற கொள்கைகளுக்கு உண்மையான ஆதரவு 66 முதல் 80 விழுக்காடு. ‘நாட்டில் எத்தனை பேர் ஆதரிப்பார்கள்?’ என்றதற்கு வந்த சராசரி மதிப்பீடு 37 முதல் 43. ஆதரிப்பவர்களே இப்படிக் குறைத்துச் சொன்னதுதான் வேடிக்கை.

எங்கள் குடியிருப்பிலும் பார்த்தேன். மொட்டைமாடியில் சோலார் போடலாமா என்று செயலாளர் கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவர் போனை எடுத்தார், நானும் எடுத்தேன். பேச்சு தண்ணீர் லாரிக் கணக்குக்குப் போய்விட்டது. படியிறங்கும்போது மூன்று வீட்டுக்காரர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள்: “எனக்குச் சரிதான் சார், மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்களேன்னுதான்...”

முதலில் ‘பிறர்மன மயக்கம்’ என்று வைத்தேன். வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்று ‘மயக்கம்’ நமக்குப் பழைய கலைச்சொல்தானே. வீட்டில் படித்துக் காட்டினால், “பிறர்மனை மயக்கமா? வள்ளுவர் அடிக்க வருவார்” என்றார் துணைவியார். விட்டுவிட்டேன். இப்போதைக்கு ‘ஊர்மன மயக்கம்’. ‘ஊர் என்ன சொல்லும்’ என்கிறோமே, அந்த ஊர்.

—

> ஊரின் மனம் மயங்கியதா, ஊர்மனம் பற்றி நாம் மயங்கினோமா? ‘ஊர்மன மயக்கம்’ என்ற தொகையை (கூட்டுச்சொல்லை) விரித்தால் இரண்டும் வருகிறதே. ‘மௌனச் சுழல்’ போதாதா?

போதாது அம்மா. அது 1974இல் எலிசபெத் நோயல்-நியூமன் வைத்த கருத்து: தன் பக்கம் ஆளில்லை என்று எண்ணுபவர் வாயை மூட, அந்தப் பக்கம் இன்னும் மெலிந்து தெரிவது. மயக்கம் முந்தி, மௌனம் பிந்தி. ஒன்றின் பெயரை மற்றதற்கு வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

தொகைச் சிக்கலை ஒப்புக்கொள்கிறேன். ‘ஊர்க்கருத்து மயக்கம்’ என்று மாற்றினால்? மனம் மயங்கும், கருத்து மயங்காது, ஆள்தான் மயங்குவார். ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.