விமானி சும்மா உட்கார்ந்திருக்கிறாராம், ஆட்டோபைலட் என்ற தானியங்கிக் கருவிதான் ஓட்டுகிறதாம்!

விமானி_அப்பா:
ஒரு கல்யாண விருந்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், என் மகள் பயணிகள் விமானத்தில் துணை விமானி என்று தெரிந்ததும் சொன்னது இது: “இப்பல்லாம் விமானிக்கு என்ன வேலை? ஆட்டோபைலட்தான் ஓட்டுது. இவங்க சும்மா உக்காந்திருக்காங்க.” கல்யாண வீட்டில் தகராறு வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே கேட்கிறேன். சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எதற்கு சிமுலேட்டர் (விமான அறை மாதிரியில் ஓட்டிக் காட்டும்) சோதனை? வருடாவருடம் எதற்கு மருத்துவப் பரிசோதனை? அதில் தேறாவிட்டால் அன்றைக்கே வேலை நிற்கும். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து பயணிகளோடு கிளம்பும் ஒரு விமானத்தையாவது ஆட்டோபைலட் தரையிலிருந்து கிளப்பியிருக்கிறதா? டேக்ஆஃப் மனிதக் கைதான்.

பொங்கோல் ராஜா:
அந்த விருந்தாளி சொன்னதில் முக்கால்வாசி சரி. ஏர்பஸ் ஏ320 ரக விமானத்தில் சக்கரம் தரையை விட்டு 5 விநாடி ஆகி, 100 அடி தாண்டிவிட்டால் ஆட்டோபைலட்டைப் போட்டுவிடலாம். தரையிறக்கமும் புதிதில்லை. பயணிகள் விமானம் ஒன்று தானியங்கியாக ஓடுபாதையைத் தொட்டது லண்டன் ஹீத்ரோவில், 1965-ல். ஆக, விமானி ஓட்டுவது 5 விநாடி. நான் ரயில் சிக்னல் வேலையில் இருப்பவன். சிங்கப்பூரின் வடகிழக்கு எம்ஆர்டி (நகர ரயில்) தடம் 2003-லிருந்து ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. தினமும் எத்தனையோ பேர் பயப்படாமல் ஏறுகிறார்கள்.

விமானி_அப்பா:
ரயிலில் கோளாறு வந்தால் பாதையிலேயே நிறுத்திவிட்டு அறிவிப்பு கொடுப்பீர்கள். 35,000 அடியில் எங்கே நிறுத்துவது?
அந்த 5 விநாடி, போடுவதற்கு அனுமதி உள்ள நேரம். போட்டே ஆக வேண்டிய நேரமில்லை. ஆயிரக்கணக்கான அடி வரை கையாலேயே ஏற்றுகிற விமானிகள் எத்தனையோ பேர். அதற்கு முன்னால் ஓடுபாதையில் நடப்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பெரும்பாலான நிறுவனங்களில் கேப்டனின் கை த்ரஸ்ட் லீவர் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) மேலேயே இருக்கும். “வி-ஒன்” என்று குரல் வந்ததும் கையை எடுத்துவிடுவார். அதற்கு முன்னால் ஏதாவது ஆனால் நிறுத்தலாம். அதற்குப் பிறகு ஒரு எஞ்சினே போனாலும் மேலே போயாக வேண்டும், நிறுத்தப் பார்த்தால் ஓடுபாதை போதாது. எடை, காற்று, ஓடுபாதை ஈரம் எல்லாம் பார்த்து ஒவ்வொரு பயணத்துக்கும் அந்த வேகத்தைக் கணக்குப் போடுகிறார்கள். நிறுத்துவதா போவதா என்று அந்த நொடியில் முடிவெடுப்பது யார்? உங்கள் சிக்னல் பெட்டியா?

பொங்கோல் ராஜா:
ஏர்பஸ் 2019 டிசம்பரில் பிரான்ஸின் துலூஸில் ஏ350-1000 விமானத்தைத் தானாகவே டேக்ஆஃப் செய்ய வைத்தது. கேமரா ஓடுபாதையைப் பார்த்தது, கணினி ஓட்டியது. இனி அந்த 5 விநாடியும் இல்லை.

விமானி_அப்பா:
அது சோதனை விமானம். அதிலும் விமானிகள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். பயணிகளோடு, சாங்கியிலிருந்து என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் பதில் போடுங்கள். போன மாதம் இஆர்பி சாலைக் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போதும் பாதி படித்துவிட்டுத்தான் குதித்தீர்கள்.

லோயாங் சேகர்:
அண்ணே, இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். விமானி, கணினி என்று மாறி மாறிப் பேசுகிறீர்கள். இரவு மூன்று மணிக்குச் சக்கரக் குழிக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஹைட்ராலிக் குழாயைத் தடவிப் பார்க்கிறவனை யாருக்கும் ஞாபகமில்லை. பழுது பார்த்த விமானத்துக்கு டெக் லாக் என்ற பதிவேட்டில் நாங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் எந்தக் கேப்டனும் கிளம்ப முடியாது. அவர்கள் வெளியே ஒரு சுற்று சுற்றிவந்து டயரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். படமெடுப்பது மட்டும் அவர்களைத்தான்.

விமானி_அப்பா:
சேகர் தம்பி, உங்கள் வேலையை யார் குறைத்தார்கள்? பேச்சு டேக்ஆஃபைப் பற்றி.

லோயாங் சேகர்:
நீங்கள் குறைக்கவில்லை, சொல்லவே இல்லை. அதுதான் வலிக்கிறது.

சிறகன்:
ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். நான் கமர்ஷியல் பைலட் உரிமம், அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அனுமதிக்கும் உரிமம், எடுத்தவன். அனைத்துலக விதிப்படி 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அங்கீகரித்த பயிற்சித் திட்டமென்றால் 150. தேர்வெல்லாம் தேறிவிட்டேன். வேலை கிடைக்கவில்லை, இப்போது துவாஸில் ஒரு கிடங்கில் இருக்கிறேன். நானும் கமர்ஷியல் பைலட்தானே?

விமானி_அப்பா:
தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உரிமம் வேறு, வேலை வேறு. பயணிகளை வைத்துக்கொண்டு ஏ320-யைக் கிளப்பியவருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். கேப்டனாக உட்காரத் தேவையான உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும்.

சிறகன்:
அப்படியானால் சிலேத்தார் விமான நிலையத்தில் சின்ன விமானத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்? பயிருக்கு மருந்து தெளிக்கிறவர்? அவர்களிடமும் இதே உரிமம்தான். அவர்களுக்கு ஆட்டோபைலட்டும் கிடையாது பெரும்பாலும். வீட்டை அடமானம் வைத்துப் படித்தவனிடம் “அந்தப் பெயர் உனக்குப் பொருந்தாது” என்கிறீர்கள். விருந்தில் உங்களிடம் பேசியவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

தேக்கா மல்லிகா:
சரியாகக் கேட்டீர்கள் சிறகன். தன் பிள்ளை என்றால் விமானி, அடுத்தவர் பிள்ளை என்றால் வெறும் உரிமம்.

பொங்கோல் ராஜா:
ஹலோ, 5 விநாடி என்ன ஆயிற்று? யாரும் மறுக்கவில்லையே.

விமானி_அப்பா:
மல்லிகா அம்மா, அவள் பயிற்சிக்கு வாங்கிய கடனை நானும் அவளும் சேர்ந்து இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.
ராஜா, மறுக்கிறேன், எத்தனை தடவை கேட்டாலும் மறுப்பேன். 2010 நவம்பர் 4. சாங்கியிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380. பாத்தாம் தீவுக்கு மேலே இரண்டாம் எஞ்சின் வெடித்தது. விமானத்தில் 469 பேர். திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. காக்பிட்டில் (விமானி அறையில்) இருந்த 5 விமானிகளும் ஒவ்வொன்றாகப் படித்து, எது உடைந்திருக்கிறது, எது மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடித்து, எரிபொருள் ஒழுகும் விமானத்தைச் சாங்கிக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். இறங்கும்போது சுமார் 1,000 அடியில் ஆட்டோபைலட் கழன்றுகொண்டது. கேப்டன் கையால் இறக்கினார். இறங்கிய பிறகும் ஓர் எஞ்சினை அணைக்க முடியவில்லை, தீயணைப்புப் படை ஏறக்குறைய மூன்று மணி நேரம் போராடியது. ஒருவருக்கும் காயமில்லை. அந்த 1,000 அடியில் யார் கை?

பொங்கோல் ராஜா:
வெடித்த பிறகு மேலே சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பெரும்பகுதி ஆட்டோபைலட்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல மாட்டீர்களே.

லோயாங் சேகர்:
அந்த எஞ்சின் ஏன் வெடித்தது தெரியுமா? உள்ளே ஒரு சின்ன எண்ணெய்க் குழாய். தயாரிப்பில் துளை மையம் விலகியதால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோய், விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து தீப்பிடித்தது. ஆட்டோபைலட்டும் காப்பாற்றாது, கேப்டனும் காப்பாற்ற மாட்டார். குழாய் சரியாக இருந்திருந்தால் இரண்டு பேருக்குமே வேலை இல்லை.

விமானி_அப்பா:
காப்பாற்றினாரே! 469 பேரும் உயிரோடுதானே இறங்கினார்கள்! சரி, இன்னொன்று. 2024 மே மாதம், லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த போயிங் 777 விமானம் மியன்மாருக்கு மேலே கடும் ஆட்டத்தில் சிக்கியது. விமானிகள் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்ததில் ஆட்டோபைலட் விலகியது. 21 விநாடி கையால் ஓட்டி நிலைப்படுத்தினார்கள் என்று நம் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவின் அறிக்கையே சொல்கிறது.

பொங்கோல் ராஜா:
21 விநாடி கழித்து என்ன செய்தார்கள்? மறுபடி ஆட்டோபைலட்டைப் போட்டார்கள். அதுவும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.

தேக்கா மல்லிகா:
அந்தப் பயணத்தில் ஒருவர் இறந்தார். எத்தனையோ பேருக்கு முதுகெலும்பில் அடி. அதை விநாடிக் கணக்குக்கு இழுக்காதீர்கள், இரண்டு பேரும்.

விமானி_அப்பா:
இழுப்பது நானில்லை அம்மா. உயிர் போகிற நேரத்தில் யார் கை என்பதுதான் என் கேள்வி. வாழ்நாளில் ஒரே ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். அதற்காகத்தான் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டில் இல்லாமல், சிமுலேட்டரில் எஞ்சின் தீயும் புகையும் திரும்பத் திரும்பப் பழகுகிறாள். வெறும் நாற்காலிக்கு இதெல்லாம் எதற்கு?

சிறகன்:
எனக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

விமானி_அப்பா:
உனக்குச் சொல்லியாயிற்று தம்பி. வேலை கிடைக்கட்டும், பேசுவோம்.

சிறகன்:
உங்கள் வாயால் அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். உரிமத்தில் அச்சடித்திருக்கிறது, அது போதும்.

பொங்கோல் ராஜா:
5 விநாடி. அவ்வளவுதான்.

விமானி_அப்பா:
உங்கள் வடகிழக்குத் தடத்தில் ரயில் நின்றுபோனால் பயணிகளைத் தண்டவாளத்தில் நடக்க வைத்துக் கூட்டிப்போவது யார்? ஊழியர்கள்தானே? அங்கேயும் மனிதன்தான்.

பொங்கோல் ராஜா:
ரயிலை இழுத்தது நீங்கள். எங்கள் பராமரிப்பைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தெரியும்?

லோயாங் சேகர்:
பராமரிப்பு என்ற சொல்லை இப்போதுதான் ஒருவர் எழுதுகிறார். ராஜா, அதுவும் உங்கள் ரயிலுக்கு.

விமானி_அப்பா:
ரயிலை முதலில் இழுத்தது நீங்கள்தான் ராஜா, மேலே போய்ப் பாருங்கள். இன்று அவள் பெர்த்திலிருந்து திரும்புகிறாள். சாங்கியில் இடி மின்னல். வந்த பிறகு இன்னும் எழுதுவேன், இதை இப்படியே விடப்போவதில்லை.

பொங்கோல் ராஜா:
தாராளமாக எழுதுங்கள். விநாடிக் கணக்கோடு எழுதுங்கள்.