"இதய ஒழுங்கீனம்" வேண்டாம், "துடிப்புத் தடுமாற்றம்" எண்டு வைப்பமே?

அண்ணை, எங்கட கையேட்டுக்கு நீங்கள் போட்ட சொற்பட்டியலில அரித்மியாவுக்கு, அதுதான் இதயம் சீரில்லாமத் துடிக்கிறதுக்கு, "இதய ஒழுங்கீனம்" எண்டு இருக்கு. இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனா இந்தக் கையேடு ஆருக்கு? எச்.ஐ.வி.யோட வாழுற ஆக்களுக்கு. கொழும்பில ஒரு கிளினிக்கில நான் மொழிபெயர்க்கப் போயிருக்கேக்க ஒரு ஐயா, அறுவது வயசு வரும், துண்டுப்பிரசுரத்தை வாசிச்சிட்டு மெதுவாக் கேட்டவர், "பிள்ளை, நான் ஒழுங்கீனமா நடந்ததாலதான் நெஞ்சுக்கும் வந்திட்டுதோ?" எண்டு. எனக்கு வாய் வரேல்லை. பள்ளிக்கூடத்தால பெடியளை வெளியில விடேக்க கடிதத்தில எழுதுற சொல் அது, அதை நாங்களே அச்சடிச்சு அவற்ற கையில குடுத்திருக்கிறம்.

"சீர்கேடு", "பிறழ்வு" ரெண்டுக்கும் அதே வாடைதான். அக்கா சொன்ன "தாளத்தப்பு" காதுக்கு நல்லா இருக்கு, ஆனா வாசிக்கிற ஆளுக்குத் "தப்பு" தான் முன்னுக்கு நிக்கும். தடுமாற்றம் எண்டா அப்பிடியில்லை, றோட்டில ஒராள் தடுமாறினா ஓடிப்போய்க் கையைத்தானே பிடிக்கிறம். கூடின வேகத்துக்கு வேகத் தடுமாற்றம், குறைஞ்சதுக்கு மந்தத் தடுமாற்றம் எண்டு கிளையும் விடலாம்.

இது சின்ன விசயம் இல்லை. இஞ்ச இலங்கையில 2004இல எச்.ஐ.வி.க்கு இலவசமா மருந்து குடுக்கத் தொடங்கேக்க நடுவயசா இருந்தவை இப்ப வயசாளியள். கிருமி இரத்தத்தில அளக்கேலாத அளவுக்குக் குறைஞ்ச பிறகும் உடம்புக்குள்ள ஒரு மெல்லிய அழற்சி இருந்துகொண்டே இருக்கும், அது வருசக்கணக்கா இதயத்தசையில தழும்பு விழப் பண்ணி மின்னோட்டத்தைக் குழப்பலாம், அதோட பிரசரும் சிகரெட்டும் சேர்ந்தா சொல்லத் தேவையில்லை.

அடுத்தது ஏட்ரியல் பிப்ரிலேசன், இதயத்தின்ர மேலறையில வாற தடுமாற்றம். "மேலறைப் படபடப்பு" எண்டு ஒருத்தர் எழுதியிருந்தவர், எனக்கு விருப்பமில்லை. படபடப்பு ஆள் உணருறது, இந்த வருத்தம் ஒண்டும் தெரியாமலும் இருக்கும். உண்மையில நடக்கிறது என்னெண்டா அறை ஒழுங்காச் சுருங்காம நடுங்கிக்கொண்டு நிக்குது. அதால "சோணையறை நடுக்கம்". சோணையறை எங்கட பள்ளிக்கூடப் புத்தகச் சொல், செவிச்சோணை எண்டு படிச்ச அதே சோணை. இடப்பக்க அறையில காது மாதிரி ஒரு சின்னப் பை இருக்கு, நடுக்கம் வந்தா பெரும்பாலும் அதுக்குள்ளதான் இரத்தம் தேங்கிக் கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்குப் போனாப் பாரிசவாதம். பழைய சொல் ஆபத்து எங்க எண்டதையே காட்டித் தருது, இதை விட்டிட்டு "மேலறை"க்கு ஏன் போவான்?

கியூடி (QT) நீட்சி எண்ட சொல்லில எனக்குச் சண்டையில்லை, ஈசீஜி தாளில அந்த எழுத்துத்தான் இருக்கு, அதை மாத்தினா டொக்டரிட்டக் கேக்கேக்க சனம் குழம்பும். விளக்கத்தில மட்டும், இதயவறை, அதாவது கீழறை, ஒருக்கா அடிச்சு முடிச்சு அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாக எடுக்கிற நேரம் நீளுது, 500 மில்லிசெக்கன் தாண்டினா ஆபத்து எண்டு எழுதுவம். எச்.ஐ.வி. மருந்து எபாவிரென்ஸ் அதை நீட்டக்கூடும், கிளாரித்ரோமைசின் எண்ட அன்டிபயோடிக், பங்கசுக்குக் குடுக்கிற புளூகொனசோல், போதைப்பழக்கத்தை விடக் குடுக்கிற மெதடோன் எல்லாம் அப்பிடித்தான். இன்னொரு எச்.ஐ.வி. மருந்து ரிட்டோனவிர் வேற மாதிரி, அது துடிப்பைச் சீராக்கிற அமியோடரோன், இரத்தம் உறையாமக் குடுக்கிற ரிவரொக்சபான் மாதிரி மருந்துகளின்ர அளவை உடம்பில கூட்டி விட்டிடும். இதை வாசிச்சுப் பயந்து ஒருத்தரும் எச்.ஐ.வி. மருந்தை நிப்பாட்டக்கூடாது, பாமசியில எது வாங்கினாலும் கிளினிக்கில காட்டோணும் எண்ட வரியைப் பெரிய எழுத்தில போடுங்கோ அண்ணை.

ஒண்டு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடேல்லை. கியூடி நீண்டு வாற அந்தப் பயங்கரமான துடிப்பு, டோர்சாட் டி புவான்ட். பிரெஞ்சில முனையள் முறுகிறது எண்டு கருத்து, தாளிலயும் கோடு கயிறு திரிச்ச மாதிரித்தான் வரும். "முறுகுதுடிப்பு"? இல்லாட்டி "திரிதுடிப்பு"? தசை முறுகிறது எண்டு சனம் விளங்கிப்போடுமோ எண்டு யோசிக்கிறன், ஆரும் சொல்லுங்கோ.