மறு: ஃப்ரம்–இம்போர்ட்டுக்குப் 'பகுதி இறக்குமதி' சரிவருமா?

வணக்கம். பைத்தான் நிரல்மொழியில், வேறொரு தொகுதியில் (மாட்யூல்) இருக்கும் செயற்கூறுகளை (ஃபங்ஷன்) நம் நிரலுக்குள் கொண்டுவரும் இம்போர்ட் கட்டளைகளுக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள்:

> 'இம்போர்ட் மேத்' என்றால் முழு இறக்குமதி, 'ஃப்ரம் மேத் இம்போர்ட் சைன்' என்றால் பகுதி இறக்குமதி. இப்படி வைத்துக்கொள்ளலாமா?

'இறக்குமதி' இருக்கட்டும். ஜாவாஸ்கிரிப்டில் எக்ஸ்போர்ட்டும் உண்டு என்பதால், ஏற்றுமதி–இறக்குமதி ஜோடி அங்கேயும் கைகொடுக்கும். ஆனால் 'பகுதி' வேண்டாம். படிக்கும் பிள்ளைகளுக்கு அது தவறான பாடம் சொல்லிவிடும்.

சைன் மட்டும் நினைவகத்துக்கு வருகிறது, மீதி வெளியிலேயே நிற்கிறது, அதனால் நிரல் வேகமாக ஓடும் என்றுதான் அந்தச் சொல்லைப் பார்ப்பவர் நினைப்பார். பைத்தானில் அப்படி இல்லை. எந்த வடிவில் எழுதினாலும் தொகுதி முழுவதும் ஏற்றப்படுகிறது. சந்தேகம் இருந்தால் செய்து பாருங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். 'கணக்கு' என்று ஒரு தொகுதி எழுதி, அதில் கூட்டு, பெருக்கு என்று இரண்டு செயற்கூறுகளை வையுங்கள். கடைசி வரியில், எதற்குள்ளும் அடங்காமல், 'முழுதும் ஓடியது' என்று ஒரு பிரிண்ட். இப்போது வேறொரு கோப்பில் 'ஃப்ரம் கணக்கு இம்போர்ட் கூட்டு' என்று எழுதி ஓட்டினால், அந்த வரி திரையில் வந்துவிடும். ஏற்றப்பட்ட தொகுதிகளைக் குறித்துவைக்கும் சிஸ்.மாட்யூல்ஸ் பட்டியலிலும் கணக்கு உட்கார்ந்திருக்கும். ஆனால் 'கணக்கு.பெருக்கு' என்று கூப்பிட்டால் நேம்எரர்தான். 'கணக்கு' என்ற பெயர் நம் கோப்புக்குள் வரவே இல்லை.

ஆக, வேறுபாடு எந்தப் பெயர் நம் பெயர்வெளிக்குள் (நம் கோப்புக்குள் புழங்கும் பெயர்களின் தொகுப்பு) வருகிறது என்பதில்தான். அதையே சொல்லாக வைப்போம்: முதலாவது 'தொகுதி இறக்குமதி', இரண்டாவது 'பெயர் இறக்குமதி'.

இந்தச் சொற்கள் எதை எப்போது எழுதுவது என்பதையும் விளக்க உதவும். தொகுதி இறக்குமதியில், முந்நூறாவது வரியில் மேத்.சைன் என்று பார்த்தாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பெயர் இறக்குமதியில் எழுத்து மிச்சம், ஆனால் ஊரைத் தெரிந்துகொள்ள மேலே போய்ப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. சோதனை எழுதும்போது கணக்கு தொகுதியில் கூட்டு என்ற பெயருக்குச் சோதனைக்கான போலிச் செயற்கூறு ஒன்றை மாட்டினாலும், பெயர் இறக்குமதி செய்த கோப்பு பழைய செயற்கூற்றையே பிடித்துக்கொண்டிருக்கும். புதியவர்கள் இதில் நிறையவே திணறுகிறார்கள். வந்தது பெயர் என்பது சொல்லிலேயே இருந்தால் காரணம் சட்டென்று பிடிபடும்.

'ஃப்ரம் மேத் இம்போர்ட் *' என்று நட்சத்திரக் குறி போட்டு எழுதுவதை 'மொத்த இறக்குமதி' எனலாம். அதோடு ஒரு எச்சரிக்கையும் கலைச்சொல் விளக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். ஓஎஸ் தொகுதியை இப்படி மொத்தமாக இறக்கினால், கோப்பைத் திறக்க நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 'ஓப்பன்' மறைந்து, ஓஎஸ்.ஓப்பன் அந்த இடத்துக்கு வந்துவிடும். கோப்பின் பெயரை மட்டும் கொடுத்துக் கூப்பிட்டால், ஃபிளாக்ஸ் (எந்த முறையில் திறப்பது என்று சொல்லும் மதிப்பு) எங்கே என்று கேட்டு டைப்எரர் வரும். பைத்தானின் சொந்தப் பயிற்சிக் கையேடே இதைச் சொல்லி எச்சரிக்கிறது. பைத்தான் நிரலை எப்படி எழுதுவது என்று சொல்லும் பெப் 8 நடைக்குறிப்பும் மொத்த இறக்குமதியைத் தவிர்க்கச் சொல்கிறது.

நம்பை என்ற தொகுதியை 'என்பி' என்று சுருக்கிய பெயரில் இறக்குவதற்கு 'மாற்றுப்பெயர்' போதும்.

அப்புறம், நம் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து பாதை சொல்லி, புள்ளி வைத்து எழுதும் ரிலேட்டிவ் இம்போர்ட். போன மடலில் வந்த 'சார்பு இறக்குமதி' எனக்கு இடிக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'உறவுகளும் சார்புகளும்' படித்த பிள்ளைக்குச் சார்பு என்றால் ஃபங்ஷன். இதற்கு 'புள்ளிவழி இறக்குமதி', பாதையை முழுதாக எழுதும் அப்சொல்யூட் இம்போர்ட்டுக்கு 'முழுப்பாதை இறக்குமதி' என்று என் பக்கம் வைக்கிறேன். இதைவிடப் பொருத்தமாகத் தோன்றினால் எழுதுங்கள். மற்ற நான்கு சொற்களுக்கும் மறுப்பு வராவிட்டால், இந்த வார இறுதியில் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.