வெளியே எடுத்த நைட் டியூட்டி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொது மருத்துவம், 11 ஆண்டுகள்:

முக்கிய வேலை ஒரு இடத்தில், அதற்கு மேல் காசுக்காக வேறொரு இடத்தில் கூடுதல் ஷிப்ட் என்று ஓடிய டாக்டர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். கடன், குடும்பம், மேற்படிப்புக் கட்டணம் என்று ஆளுக்கொரு காரணம். காரணத்தை நான் கேட்கப் போவதில்லை. அங்கே என்ன நடந்தது என்று சொல்லுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

படிப்பு முடித்த இரண்டாவது வருடம், கல்விக் கடன் தலைக்கு மேல் இருந்தது. மாதத்தில் நான்கு இரவு ஒரு சிறிய மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்க ஒப்புக்கொண்டேன். முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் போய் நின்றேன். பகல் டியூட்டி டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஓவர் கொடுத்தார், அதாவது நோயாளிகளை என்னிடம் ஒப்படைத்தார். "பதினாலு பேர், எல்லாரும் ஸ்டேபிள்." அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்.

ஒன்றரை மணி இருக்கும். ஓர் இளைஞருக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, பிரஷர் 70-க்கு இறங்கிவிட்டது. அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. என்ன செய்வது என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். அவசர மருந்துகள் இருக்கும் தள்ளுவண்டியான கிராஷ் கார்ட்டின் மேல் டிராயரை இழுத்து, இடது ஓரத்தில் இருந்த ஆம்பியூலை (சிறு கண்ணாடி மருந்துக் குப்பியை) எடுத்து உடைத்தேன். நான் வேலை பார்த்த மருத்துவமனையில் அட்ரினலின் இருக்கும் இடம் அது. சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற சிஸ்டர் சொன்னார்: "மேடம், அது அட்ரோபின்."

அது இதயத் துடிப்பு குறைந்தால் போடும் வேறு மருந்து. இரண்டும் ஒரே அளவு ஆம்பியூல். நான் லேபிளைப் படிக்கவே இல்லை. சிஸ்டர் கீழ் டிராயரிலிருந்து சரியான மருந்தை எடுத்துக் கொடுத்தார். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது டோஸும் தேவைப்பட்டது. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். நான் விடியும்வரை அவன் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை.

அன்றைக்கு எனக்குக் களைப்பே கிடையாது. பகல் முழுக்கத் தூங்கிவிட்டுத்தான் போயிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வெளி ஷிப்ட் என்றாலே எல்லோரும் தூக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். பழகாத இடம் அதே அளவுக்கு ஆபத்தானது. பழகிய வார்டில் கை தன்னால் போகும். புது வார்டிலும் அதே கை, அதே இடத்துக்குத்தான் போகும்.

அதிலிருந்து எந்தப் புது இடத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுவேன். கிராஷ் கார்ட்டின் ஒவ்வொரு டிராயரையும் நானே திறந்து பார்ப்பேன். மூச்சுக்குழாயில் டியூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, அவசரத்துக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும், போனில் எந்த சீனியர் எடுப்பார், ரத்தம் வர எவ்வளவு நேரம் ஆகும், ஐசியூ இல்லாத இடமென்றால் நோயாளியை எங்கே அனுப்புவது என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ஓவரை நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்றுதான் வாங்குவேன். "எல்லாரும் ஸ்டேபிள்" என்றால், "இவர்களில் யார் இன்றிரவு மோசமாகலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பேன். அந்தக் கேள்விக்கு யாராவது ஒருவர் பெயர் கட்டாயம் வரும்.

மயக்கவியல்:

நீங்கள் சொல்வது சரிதான் டாக்டர். ஆனால் களைப்பைக் குறைத்துப் பேச என்னால் முடியவில்லை. பகல் முழுக்க ஆபரேஷன் தியேட்டர், இரவு வேறொரு இடத்தில் ஐசியூ, காலை ஏழு மணிக்கு நானே காரோட்டி வீட்டுக்கு. மூன்று வருடம் இப்படித்தான் போனது. ஒரு நாள் சிக்னலில் சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்தியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பின்னாலிருந்து ஹாரன். விளக்கு எத்தனை முறை மாறியதோ தெரியாது. கால் பிரேக்கிலேயே இருந்ததால் தப்பித்தேன்.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நீண்ட ஷிப்ட் முடித்து வண்டியோட்டிப் போகும் பயிற்சி மருத்துவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று 2005-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அங்கே 2011 முதல், பயிற்சியில் இருப்பவர்கள் வெளியே பார்க்கும் ஷிப்டும் வாரம் 80 மணி நேரக் கணக்கில் சேரும். முதல் வருடத்தவர்கள் வெளி ஷிப்ட் எடுக்கவே கூடாது. பயிற்சி முடித்த நமக்கு மணிக்கணக்கு வைக்கப் பெரும்பாலும் யாரும் இல்லை, நாமேதான் வைக்க வேண்டும். இப்போதெல்லாம் இரவு ஷிப்ட் ஒப்புக்கொள்ளும்போதே, காலையில் இரண்டு மணி நேரம் தூங்க டியூட்டி ரூம் எனக்கு வேண்டும் என்று பேசிவிடுகிறேன். மறுநாள் தியேட்டர் இருந்தால் முந்தின இரவை எடுப்பதில்லை.

ஸ்டாஃப் நர்ஸ்:

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் ஒரு டாக்டர், வந்ததும் எங்கள் பெயரைக் கேட்பார். "எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுப்புங்கள் சிஸ்டர்" என்பார். அவரை எழுப்ப நாங்கள் தயங்கியதே இல்லை. இன்னொருவர் காலையிலிருந்து வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டு வருவார், முகத்தைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். ஒரு இரவு ஒரு பாட்டிக்குச் சிறுநீர் அளவு குறைந்துகொண்டே வந்தது. கொஞ்சம் தூங்கட்டும் என்று ஐந்து மணிவரை விட்டுவிட்டோம். பாட்டிக்கு டயாலிசிஸ் வரை போக வேண்டியதாயிற்று. மூன்று மணிக்கே எழுப்பியிருக்க வேண்டும். இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

அறுவை சிகிச்சை:

எல்லோரும் மறக்கிற ஒன்று காப்பீடு. முக்கிய வேலையில் தரும் பாதுகாப்பு வெளி ஷிப்டுக்கும் வரும் என்று நம்பிவிட்டேன். பாலிசியில் அந்த மருத்துவமனைக்குள் செய்யும் வேலைக்கு மட்டும் என்று இருந்தது. தனியாக எடுத்தால் அது 'கிளெய்ம்ஸ்-மேட்' வகையா, 'அக்கரன்ஸ்' வகையா என்று பாருங்கள். முதல் வகையில் பாலிசி நடப்பில் இருக்கும்போது வழக்கு வந்தால்தான் பணம். இரண்டாவதில் சம்பவம் நடந்தபோது பாலிசி இருந்தால் போதும். முதல் வகை எடுத்தவர், ஷிப்டை நிறுத்திப் பாலிசியையும் விட்டபின் பழைய இரவைப் பற்றி நோட்டீஸ் வந்தால், 'டெயில்' கவர் (பாலிசி முடிந்த பிறகு வரும் வழக்குக்கான கூடுதல் காப்பீடு) வாங்கியிருந்தால்தான் உதவும். எனக்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. கேஸ் நிற்கவில்லை, ஆனால் வக்கீல் செலவு முழுக்க என் கையிலிருந்துதான்.

முதுநிலை இரண்டாம் வருடம்:

அக்கா, உங்கள் பதிவைப் படித்தபோது, வரும் சனிக்கிழமை என் முதல் வெளி ஷிப்ட் என்று இருந்தது. எங்கள் துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன், வேறு எதையும் யோசிக்கவில்லை. நீங்கள் சொன்னபடி ஒரு மணி நேரம் முன்னால் போனேன். முன்கூட்டியே கார்ட்டைத் திறந்தால் அவர்கள் தப்பாக நினைப்பார்களோ என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சிஸ்டரிடம் சொன்னதும் அவரே வந்து ஒவ்வொரு டிராயராகக் காட்டினார். லாரிங்கோஸ்கோப் விளக்கு எரியவில்லை. பேட்டரி மாற்றியும் எரியவில்லை, பல்ப் போயிருந்தது. ஸ்டோரிலிருந்து வேறொன்று வர நாற்பது நிமிடம் ஆனது. அன்றிரவு அது யாருக்கும் தேவைப்படவில்லை.