புதுப்பிப்பு: கண்ணுக்குத் தெரியாத எரிமலைச் சாம்பலை ஏரிப் படிவில் தேடுவது

முன்பு எழுதிய முறையின் சுருக்கம்: ஏரியடியில் குழாயைச் செருகி எடுத்த மண்தூணை 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 550 டிகிரி செல்சியஸில் கரிமப் பொருளை எரித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கார்பனேட்டைக் கரைத்து, சல்லடையில் சலித்து, சாம்பலில் உள்ள எரிமலைக் கண்ணாடித் துகள்களை எண்ணுவது. துகள் மிகும் துண்டை மட்டும் 1 செ.மீ. வீதம் மீண்டும் வெட்ட வேண்டும்.

அதில் முக்கியமான திருத்தம் ஒன்று. எரித்த துகள்கள் எண்ணுவதற்கு மட்டுமே. சூடு கண்ணாடியின் வேதியியலை மாற்றிவிடலாம். எந்த எரிமலை என்று அடையாளம் காண, அதே ஆழத்திலிருந்து எரிக்காத மண்ணை எடுங்கள். துகளின் வேதியியலை மின்னணுக் கற்றையால் அளக்கும் கருவியான மின்னணு நுண்ணாய்வியில் கற்றையைக் குறுக்கினால் சோடியம் இடம்பெயர்ந்து அளவு குறைந்து காட்டும். கற்றையை அகட்டி, மின்னோட்டத்தைக் குறைத்து, சோடியத்தை முதலில் அளப்பதே பாதுகாப்பு.

அடர்திரவத்தில் (துகள்களை அடர்த்திப்படி பிரிக்கும் கனமான திரவம்) ஒரு கன செ.மீ.க்கு 2.0 முதல் 2.5 கிராம் வரை அடர்த்தியுள்ளதை மட்டும் பிரித்து எடுத்தால் சிலிக்கா மிகுந்த ரையோலைட் கண்ணாடி கிடைக்கும். சிலிக்கா குறைந்த, கனமான பசால்ட் கண்ணாடி அடியில் தங்கிவிடும். அந்த வண்டலைக் கொட்டிவிடாதீர்கள்!

டயட்டம் (நுண்பாசி) ஓடுகளும் கண்ணாடி போலவே, நுண்ணோக்கியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளவிளைவு வடிகட்டிகளுக்கு இடையே பார்க்கும்போது இருண்டு போகும், ஆகவே அது மட்டும் சான்றாகாது. உடைந்த குமிழிச் சுவர்களின் வளைந்த, கூரிய விளிம்பைப் பாருங்கள்.

கரையிலிருந்து பின்னாளில் அடித்துவரப்பட்ட சாம்பலும் எண்ணிக்கையை உயர்த்தும். ஆழத்துக்கு ஆழம் எண்ணிக்கையைக் காட்டும் வரைபடத்தில், கீழிருந்து மேலாகத் திடீரென ஏறி மெல்ல வடியும் வளைவில், ஏற்றம் தொடங்கும் ஆழமே பெரும்பாலும் வெடிப்பின் காலம். உச்சம் அதற்குச் சற்று மேலே இருக்கலாம்.