பைண்டு செய்த பழைய மாயாவி காமிக்ஸ்: பிரிக்கலாமா, விடலாமா?

அனைவருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் மூடிய ஒரு வாடகை நூலகத்தின் மிச்சச் சரக்கிலிருந்து, பைண்டு செய்த காமிக்ஸ் தொகுப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளே இரும்புக்கை மாயாவி கதைகள், நடுவே எந்திர மனிதன் ஆர்ச்சி, குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் கதைகள். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்குமே, அந்தப் படங்கள் இன்னும் கறுப்பு மை மங்காமல் இருக்கின்றன!

சிக்கல் என்னவென்றால், பைண்டு செய்த புண்ணியவான் அட்டைகளைக் கிழித்துவிட்டு, ஓரங்களையும் வெட்டித் தள்ளியிருக்கிறார். தமிழ் காமிக்ஸ் இதழான முத்து காமிக்ஸ் 1972-இல் மாயாவியோடுதான் தொடங்கியது. பிறகு அதே கதைகள் பலமுறை மறுபதிப்பாகின. அட்டையும் விலையும் இல்லாமல், என்னிடம் இருப்பது முதல் பதிப்பா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? உள்பக்க விளம்பரம், வாசகர் கடிதம் ஆகியவற்றை வைத்து ஆண்டைக் கணிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

தையலைப் பிரித்துத் தனித்தனி இதழ்களாக்கலாமா? பிரித்தால் தாள் நொறுங்கும் என்று பயமாக இருக்கிறது. ஊசிகள் வேறு துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கியிருக்கிறது. செல்லோ டேப் யோசனை மட்டும் வேண்டாம். அதன் பசை காய்ந்து செய்யும் கொடுமையைப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி மழைக்குள், தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கும் ஒரு வழி வேண்டும். வேப்பிலை போதுமா?

பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் பழைய தாளைக் கையாளத் தெரிந்த பைண்டர் இருந்தால் கடை எந்தத் தெருவில் என்று சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்கிறேன்.